ஒத்த ஸ்டார் அக்காவும் ஓசி லவுஞ்சும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் ஒத்த ஸ்டார் அக்காவிடம் இரண்டு நட்சத்திரம் வாங்கிய கடையோ, மனிதரோ, கட்டடமோ கிடையாது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலே வாங்கவில்லை. அத்தனை நூற்றாண்டு நிமிர்ந்து நிற்கிற கோயிலுக்கு அக்கா தன் செல்போனில் எழுதிய விமர்சனம் இவ்வளவுதான்: ‘கல் சுடுகிறது. நிழல் இல்லை. டீ சுமார். ஒரு நட்சத்திரம்.’

“ஏங்க்கா, கோயிலுக்குமா?” என்று கேட்டேன்.

“அந்த ஒண்ணே ராசாவுக்கு மரியாதைக்காகக் குடுத்ததுடி” என்றாள்.

அப்போது நாங்கள் பெரம்பலூர் பாலக்கரைக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஒரே அறையில் இருந்தோம். வேலையும் ஒரே தனியார் ஆஸ்பத்திரியில்தான். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மாத்திரைச் சீட்டு டைப் அடிப்பது என் வேலை. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின், புளி ஆகாது. அக்காவுக்கு வாசலில் விசாரணை கவுண்டர். லிஃப்ட் வரவில்லை, டாக்டர் வரவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார் என்று ஜில்லாவின் குறை மொத்தமும் பகலில் அவள் காதில் இறங்கும். இறங்கிய சரக்கைச் சாயங்காலம் அவள் ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அதிலும் அவளுக்கு ஒரு தர்மம் இருந்தது. “காசு குடுக்காமத் திட்டுனா அது பொறாம. காசு குடுத்துட்டுத் திட்டுனா அது உரிம.” ஓசியில் வந்த எதையும் அவள் திட்டியதில்லை. அதனாலேயே ஓசியில் எதையும் வாங்கமாட்டாள்.

ஒருமுறை ஸ்வீட் கடைக்காரர் ஒருவர் மைசூர்பாகு டப்பாவோடு விடுதி வாசலுக்கே வந்துவிட்டார். “அம்மா, அந்த ஒத்த ஸ்டார எடுத்துவுட்ருங்கம்மா. போன்ல பாத்துட்டு ஆளுங்க அப்டியே திரும்பிப் போயிடுறாங்க.” அக்கா உள்ளே போய்ப் பர்ஸை எடுத்துவந்து டப்பாவுக்கான காசை அவர் கையில் திணித்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றாள். “அண்ணே, நான் லட்டுக்குத்தான் போட்டிருந்தேன். இப்ப மைசூர்பாக்குக்கும் போட்டாவணும். பல்லு ஆடுதுண்ணே.” ஒரு நட்சத்திரத்தை அழிக்க வந்த மனிதர் இரண்டாவது ஒத்த ஸ்டாரோடு திரும்பிப் போனார்.

இப்படிப்பட்டவளிடம்தான் வங்கிக்காரப் பையன் ஒருவன் வந்து மாட்டிக்கொண்டான். கவுண்டரில் குனிந்து பவ்யமாகச் சொன்னான்: “மேடம், இந்த கிரெடிட் கார்டு வாங்குனா ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ. உள்ள போயி எவ்வளவு வேணா சாப்டலாம், சோபாவுல படுக்கலாம்.”

“எந்த ஏர்போர்ட்டு? நம்மூரு துறைமங்கலத்துலயா?”

“திருச்சி, சென்னை… எங்க வேணாலும் மேடம்.”

அக்கா கார்டுக்கு வருஷக் கட்டணம் கட்டினாள். கட்டியதும் திட்டுகிற உரிமை வந்துவிட்டது. வங்கிக்கு போன் போட்டாள். லவுஞ்சுக்குள் போக வேண்டுமானால் கையில் விமான டிக்கெட் இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு பெண் தேன் குரலில் விளக்கினாள். “ஏம்மா, ஓசி இட்லி திங்கிறதுக்கு ஏரோப்ளேன் டிக்கெட் எடுக்கணுமா? உங்க வூட்டுல பந்திக்குக் கூப்டா பந்தல் காசு கேப்பீங்களா?” என்று அக்கா கேட்டாள். தேன் குரல் வேறொருவருக்கு இணைப்பைக் கொடுத்தது. அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். ஒரு மாதம் அக்காவின் குரல் அந்த வங்கிக்குள் சுற்றிச்சுற்றி வந்தது. கடைசியில் எடுத்தாள் ஒரு முடிவு: டிக்கெட் வாங்கியே தீருவது.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. உதவி ஆசிரியர் வேலை. விடுதியில் ராத்திரி உட்கார்ந்து எழுதிய கட்டுரைகளை அனுப்பியிருந்தேன். சொந்த ஊரான குரும்பலூரில் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை கிடைத்தால் சென்னை. கிடைக்காவிட்டால் எழுத்தாவது மண்ணாவது, துறையூரில் செல்போன் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியது. அவர் கல்யாணத்துக்கு முன்பே எனக்குக் ‘குட்மார்னிங்’ ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தார்.

“போறதுக்கு அரியலூர்ல ரயில் ஏறுவோம். வர்றப்ப ஏரோப்ளேன்” என்றாள் அக்கா. ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் சென்னையிலிருந்து திருச்சிக்கு இரண்டு டிக்கெட். அதுவும் பிசினஸ் கிளாஸ்.

“சாதா டிக்கெட் போதாதாக்கா?”

“முழுசாத் திட்டணும்னா முழுசா வாங்கணும்.”

“எனக்கு எதுக்கு?”

“ஒத்த ஆளு சொன்னா ஒலகம் நம்பாது. நீதான் சாட்சி.”

இண்டர்வியூ பத்து நிமிஷம்கூட நடக்கவில்லை. ஆசிரியர் என் கட்டுரைகளைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இதற்கு முன் என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். “அதான் பாத்தேன். கட்டுரையே மாத்திரைச் சீட்டு மாதிரிதாம்மா இருக்கு. காலை ஒன்று, மாலை ஒன்று” என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்தவரும் சிரித்தார். நான் வெளியே வந்தபோது அக்கா வாசலில் நின்று அந்த ஆபீஸ் செக்யூரிட்டியிடம் நாற்காலியின் கால் ஆடுவதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “ஆட்டோவப் புடி, லவுஞ்சு மூடிறப்போறான்” என்றாள்.

விமான நிலையத்தில் லவுஞ்ச் வாசலில் ஒரு வரிசை நின்றது. ரேஷன் கடை வரிசைக்கு சென்ட் அடித்தால் எப்படியிருக்குமோ அப்படி. எங்கள் முறை வந்ததும் அக்கா கார்டை வாள் உருவுவதுபோல உருவி நீட்டினாள். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தாள். “பிசினஸ் கிளாஸா மேடம்? அப்ப கார்டே தேவையில்ல. டிக்கெட்டுக்கே லவுஞ்ச் ஃப்ரீதான்.”

அக்காவுக்கு மூச்சு நின்றுவிட்டது. “இந்தக் கார்டுக்காகத்தாம்மா டிக்கெட்டே எடுத்தேன்!”

“பரவால்ல மேடம், உள்ள போங்க.”

“போவ மாட்டேன். மொதல்ல கார்டத் தேயி.”

பின்னாலிருந்த கோட்டுக்காரர்கள் முனகத் தொடங்கினார்கள். அந்தப் பெண் கார்டை வாங்கி இயந்திரத்தில் தேய்த்துத் தந்த பிறகே அக்காவின் கால் உள்ளே நகர்ந்தது.

லவுஞ்ச் என்றால் என்னவோ என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமுக்குக் கம்பளம் விரித்து, ஏசியைக் கூட்டி, சனங்களுக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டால் அதுதான் லவுஞ்ச். ஸ்டேஷனிலாவது ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார். இங்கே சோபாவுக்கு ஒரு பையைப் படுக்கவைத்துவிட்டு அதன் சொந்தக்காரர்கள் இட்லிக்கு ஓடியிருந்தார்கள். டை கட்டிய ஒருவர் இரண்டு வாழைப்பழத்தை லேப்டாப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ஷூவைக் கழற்றிய ஒருவர் காலைத் தூக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளி மூடியைத் திறந்தால் உள்ளே ஆறிப்போன உப்புமா, காலையில் இறந்ததுபோலக் கிடந்தது.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. பசியும் இல்லை. அக்கா ஒரு தட்டோடு வந்தாள்.

“இந்த வடையக் கடிச்சுப் பாரு. கல்லு குவாரியில வெட்டுன மாதிரி இல்ல?”

“வேணாங்க்கா.”

“சாட்சி கடிக்காம எப்பிடிச் சொல்லும்? கடி.”

கடித்தேன். அடுத்து இட்லி வந்தது. “இதுல உளுந்து இருக்கான்னு சொல்லு.” பிறகு தயிர்சாதம். “புளிப்பா, கெட்டுப்போனதா? ரெண்டு வாயி தின்னாத்தான் தெரியும்.” பிறகு கேசரி. பிறகு காப்பி. ஒவ்வொன்றுக்கும் அவள் வசவு பாட, நான் சாட்சிக்காக மென்றேன். கடைசித் தட்டை அவள் எடுத்துப் போனபோதுதான் கவனித்தேன், நான் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். அவள் ஒரு காப்பியைத் தவிர எதையும் தொட்டிருக்கவில்லை.

அதற்கப்புறம்தான் கேட்டாள். “என்னடி சொன்னான் அந்தாளு?”

சொன்னேன். மாத்திரைச் சீட்டு என்று சிரித்ததையும் சொன்னேன். அக்கா காலி கப்பைத் தள்ளி வைத்தாள்.

“என் கவுண்டருக்கு எல்லாத்துக்கும் ஆளு வருது. ஃபேன் சுத்தலன்னு வருது, நர்ஸு சிரிக்கலன்னு வருது. நீ அடிச்ச சீட்டு புரியலன்னு இன்னி வரைக்கும் ஒருத்தர் வந்ததில்ல. கண்ணு சரியாத் தெரியாத கெழவிங்ககூட பேத்தியப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, சரிம்மா வரேன்னு போயிடுதுங்க. அவன் பத்திரிகையப் படிச்சுட்டு அப்பிடிப் போவச் சொல்லு பாப்பம்.”

அவள் வாயிலிருந்து வந்த பாராட்டை நான் கேட்டது அன்றுதான். அதுவும் இன்னொருத்தரைத் திட்டுகிற சாக்கில் வந்தது.

விமானத்தில் எங்களுக்கு முன் வரிசை. பின்னாலிருந்தவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு திரை. “அவங்க நம்ம காத்த இழுத்துடுவாங்கன்னா?” என்றாள் அக்கா சத்தமாக. பணிப்பெண் வெந்நீரில் நனைத்த சின்னத் துண்டை இடுக்கியால் நீட்டினாள். “எனக்குக் காய்ச்சல் இல்லம்மா” என்று அக்கா திருப்பிக் கொடுத்தாள். பழச்சாறு வந்தது. ஒரு வாய் குடிப்பதற்குள் விமானம் கிளம்பப்போகிறது என்று தம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்கள். மேலே ஏறி நிமிர்வதற்குள் சாப்பாட்டுத் தட்டு வந்தது. மூடியைத் திறப்பதற்குள், இறங்கப்போகிறோம், தட்டைக் கொடுங்கள் என்றார்கள். இத்தனை காசு வாங்கிக்கொண்டு, சமயபுரம் டோல்கேட்டில் பஸ் நிற்கிற நேரத்தில் கல்யாண விருந்து போடுகிறார்கள்.

“ஏம்மா, எலையப் போட்டுட்டு எந்திரின்னு சொல்றது எந்த ஊரு மொற?”

“சாரி மேடம், ரொம்ப ஷார்ட் ஃபிளைட்.”

“தெரிஞ்சே எதுக்கும்மா பரிமாறுனீங்க?”

அந்தப் பெண் பாவம், பதிலுக்குச் சிரித்தாள். அக்கா அவளிடம் அதற்கு மேல் பேசவில்லை. “நின்னுட்டே வேல பாக்குற புள்ள. இவள என்ன சொல்றது” என்று முணுமுணுத்தாள்.

அப்போது நான் சன்னல் வழியே கீழே பார்த்தேன். பழுப்பு நிலத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பெரிய பள்ளங்கள். “அக்கா, அரியலூரு!” என்றேன். அவள் என் மடிமேல் சாய்ந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டினாள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அவளுடைய அப்பா ஆயுசு முழுக்க அங்கேதான் லாரி ஓட்டினார்.

“எங்கப்பா சாயங்காலம் வூட்டுக்கு வந்தா புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும். அந்தக் குழிக்குள்ள எறங்குனா வானம் மட்டுந்தான் தெரியும்னு சொல்லுவாரு” என்றாள். சக்கரம் தரையைத் தொடும்வரை கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுக்கவில்லை. பணிப்பெண் வந்து ஏதாவது குறை இருந்ததா என்று கேட்டபோதுதான் திரும்பி, “சன்னலு ரொம்பச் சின்னது” என்றாள்.

திருச்சியில் பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. பாடாலூர்வரை நின்றுகொண்டே வந்தோம். அங்கே இரண்டு சீட் காலியாக, அக்கா தன் செல்போனை என் கையில் கொடுத்தாள். “நான் எழுதுனா ரெண்டு வரியில முடிஞ்சிரும். நீ எழுது. நீ பாத்தத எழுது.” பஸ் குலுங்கக் குலுங்க, வாழைப்பழக்காரர், ஒழுக்கக்காரர், இறந்த உப்புமா, திரை எல்லாவற்றையும் எழுதினேன். கோபத்தில் எழுதியதால் வேகமாக வந்தது. பெரம்பலூர் நான்கு ரோட்டில் இறங்கும்போது முடித்துவிட்டேன்.

என்னிடம் கேட்காமலே அதை அவள் வேறொரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தாள். அவர்கள் போட்டார்கள். இன்னும் எழுதச் சொன்னார்கள். அப்பா அந்த இதழை வாங்கிக் குரும்பலூர் டீக்கடையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். துறையூர் மாப்பிள்ளை மட்டும் ரோஜாப்பூவை நிறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகத் துறையூர் போய் அவர் கடையில் காசு கொடுத்து ஒரு செல்போன் கவர் வாங்கிவந்தாள். அதன் பிறகு அந்தக் கல்யாணப் பேச்சு நின்றுபோனது.

அக்கா இப்போது அரியலூரிலேயே வேலை மாற்றிக்கொண்டு தன் அப்பா வீட்டில் இருக்கிறாள். நான் சென்னையில், என்னை எழுதச் சொன்ன அந்தப் பத்திரிகையிலேயே வேலை. இதழ் வெளிவருகிற அன்று காலையில் அவள் போன் வந்துவிடும். “மூணாவது பத்தி இழுவ. படம் மட்டம். பேப்பரு கையில ஒட்டுது.” போன மாதம் ஒரு வாரம் போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. பயந்துபோய் ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தவள் கழுத்தில் மஃப்ளர். தொண்டையில் சின்ன ஆபரேஷனாம். பாட்டுக்காரர்களுக்கு வருகிற வியாதியாம். டாக்டர் பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்றிருக்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து, இளைத்துவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பு கூட்டினாள். சாதம் போட்டு எதிரே உட்கார்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழம்பில் உப்பே இல்லை. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.