அழைத்துச் செல்வோம்

நோட்டீஸ் ஒட்டி இரண்டு நாளாகியும் ஒரு போன்கூட வரவில்லை. ஜெயந்துக்கு மனசு விட்டுப்போயிற்று.

மூன்றாம் மாடி பூவராகவன் சார் ஆஸ்பத்திரியில் வேறு ஏதோ வரிசையில் காலை முழுக்க நின்றுவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே திரும்பி வந்த அன்றுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தில்லி துவாரகாவில் அவர்கள் குடியிருப்பில் தமிழ்ப் பெரியவர்கள் இருபது பேருக்கு மேல். துணைக்கு ஒருவர் போனால் எவ்வளவு நிம்மதி! கல்லூரித் தோழி மதுவும் தயார். பெரியவர்கள் மனசைத் தொட வேண்டுமென்று நோட்டீஸைத் தமிழிலேயே எழுதினான். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுதியது அதுதான் முதல் தடவை.

"'முதியோரை மருத்துவமனைக்கு இலவசமாக அழித்துச் செல்வோம்'னு போட்டிருக்கே" என்றாள் அம்மா சுஜாதா. "அழைத்துடா. அழித்துன்னா ஆளையே தீர்த்துக்கட்டறது."

சாயங்காலமே புது நோட்டீஸ் ஏறியது: 'தவறுக்கு வருந்துகிறோம். பயம் வேண்டாம். மாலைக்குள் பத்திரமாக வீட்டுக்குக் கொன்றுவந்து சேர்ப்போம்.'

இந்தத் தடவை போன் வந்தது. குடியிருப்புச் செயலாளர் சுரேஷ்குமார், இதெல்லாம் என்ன விளையாட்டு என்று கேட்டார்.

எழுத்தே வேண்டாம், நேரில் பேசிவிடலாம் என்று ஜெயந்தும் மதுவும் லிப்ட் வாசலில் போய் நின்றார்கள். அவர்களைக் கண்டதும் பெரியவர்கள் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மூட்டுவலிக்காரரான பூவராகவன் சார் மூன்று மாடியும் நடந்தே ஏறி, அதோடு படுத்துவிட்டார். அவர் மனைவி மதுவைப் பார்த்த பார்வையில் மது மறுநாள் வரவில்லை.

எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஜெயந்த் முடிவு கட்டியபோது, எதிர் பிளாக் பாப்பம்மாள் கூப்பிட்டார். எழுபது வயது. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும். வர்றியா தம்பி?"

ஜெயந்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மெட்ரோவில் அவருக்கு இடம் பிடித்தான், பையைச் சுமந்தான், படி வந்தபோதெல்லாம் எச்சரித்தான். ஆஸ்பத்திரியில் பாப்பம்மாளே போய்ச் சீட்டு எழுதி வாங்கி வந்தார்; அவன் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றான்.

"உள்ள போனா நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் ஆன்ட்டி. இந்தியில நானே சொல்லிக்கறேன்" என்று தைரியம் சொன்னான். அவரும் சமர்த்தாகத் தலையாட்டினார்.

உள்ளே போய், டாக்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டான். பாப்பம்மாள் அவன் தோளைப் பிடித்து அதில் அவனையே உட்கார வைத்தார். பிறகு டாக்டரிடம் தண்ணீர்பட்ட பாடான இந்தியில் சொன்னார்:

"பேஷன்ட் நான் இல்ல டாக்டர், இந்தப் பையன்தான். எழுத்து சரியாத் தெரியல, பாவம். நேரா சொன்னா கூச்சப்படுவான்னு, கூட்டிட்டு வர்றதுக்கு எங்க குடியிருப்புல எல்லாருமாச் சேர்ந்து என்னை அனுப்பியிருக்காங்க."