கத்தி கேட்டால் ஆளும் வரும்

நெடுந்தீவுக்குப் போனால் குதிரை பார்க்கலாம். சாட்டிக் கடற்கரைக்குப் போனால் கால் நனையாமல் கடலோடு படமெடுத்துக்கொள்ளும் குடும்பங்களைப் பார்க்கலாம். இடுப்புக்கத்தியரைப் பார்க்க நீங்கள் பஸ்ஸோ படகோ ஏறத் தேவையில்லை. வீட்டில் ஏதாவது ஒன்று கழன்றால் போதும். மணம் பிடித்து அவரே வந்துவிடுவார்.

அடையாளம் சொல்கிறேன். வயது ஐம்பதுக்கு மேல். சாறமோ காற்சட்டையோ, எதைக் கட்டியிருந்தாலும் அதற்கு மேலே ஒரு பெல்ட்; பெல்ட்டில் ஒரு தோலுறை; உறைக்குள் வெளிநாட்டிலிருந்து தம்பியோ மச்சானோ கொண்டுவந்த சிவப்புக் கத்தி. அதை வெறும் கத்தி என்றால் அவருக்குக் கோபம் வரும். கத்தி அதில் இரண்டுதான். மிச்சமெல்லாம் கத்தரிக்கோல், ஸ்குரூ டிறைவர் இரண்டு, அரம், மரம் அரிகிற குட்டி வாள், தகரம் திறக்கிறது, போத்தல் திறக்கிறது, தக்கை இழுக்கிற சுருள், பல்லுக்குத்தி, முள்ளுப் பிடுங்கி, அதற்குமேல் மீன் செதில் சுரண்டவா மாட்டின் குளம்பில் கல் எடுக்கவா என்று இன்னும் முடிவாகாத ஒரு கொக்கி. சில்லறையும் சேர்த்து மொத்தம் பதினேழு. பதினேழையும் விரித்துக் காட்டாமல் அவர் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்ததாகச் சரித்திரம் இல்லை.

இதெல்லாம் வெறும் தோற்றம். இனத்தின் உண்மையான இலட்சணம் வேறு. அந்தக் கத்தி அவருடைய கையை விட்டு இன்னொரு கைக்குப் போகாது. பார்சல் கயிறு ஒன்றை வெட்டுவதற்காக, "ஒருக்கா தாங்கோ அண்ணை" என்று கையை நீட்டுவீர்கள். அவர் கத்தியைத் தர மாட்டார். தன்னைத் தருவார். "விடும், விடும், நான் பாக்கிறன். ஒரு நிமிஷ வேலை" என்று குந்தியிருந்து, கயிற்றை வெட்டாமல் முடிச்சை நோண்டி அவிழ்த்து, இந்தக் காலத்துச் சணலின் தரத்தைப் பற்றி வருந்தி, எழும்பும்போது உங்கள் கதிரை ஆடுவதைக் கண்டு, கதிரையைக் கவிழ்த்து, கதிரைக்குப் பிறகு அலுமாரிக் கதவு, அலுமாரிக்குப் பிறகு மின்விசிறி என்று முன்னேறி, மத்தியானம் உங்களோடு சோறும் தின்றுவிட்டுப் போவார். நீங்கள் கேட்டது கத்தி. கிடைத்தது ஆள்.

ஊர்காவற்றுறை மயில்வாகனம் இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி. இளவயதில் தகப்பனின் மாத்தறைக் கடையில் நின்ற காலத்தில் பார்சல் கயிறுகளைப் பல்லால் கடித்து அறுத்தவர். கீழ்ப்பல் ஒன்று இன்றைக்கும் சாட்சியாகச் சரிந்து நிற்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் சுவிஸிலிருந்து வந்துபோன தம்பி வாகீசன், புறப்படுகிற அன்று பெட்டியின் அடியில் மிஞ்சிய சொக்லேற்றை அண்ணிக்கும் கத்தியை அண்ணனுக்கும் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். சொக்லேற் இரண்டு நாளில் முடிந்தது. கத்தி முடியவில்லை.

அந்த அண்ணிதான் சத்தியபாமா. அவளுக்குக் கத்தியோடு நேரடிப் பகை எதுவும் இல்லை. அவளுடைய பிரச்சினை பயணம். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மற்ற மனிதர்களின் மோட்டார் சைக்கிள் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடும். மயில்வாகனத்தின் மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வேண்டும். வேலணையில் ஒருவருக்குச் சைக்கிள் செயின் கழன்றிருக்கும். மண்கும்பானில் ஒருவருக்கு வண்டிக் கண்ணாடி ஆடும். பண்ணைப் பாலத்தில் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரையும் விடமாட்டார்.

"என்ன தம்பி, செயினோ?"

"ஒண்டுமில்லை அண்ணை. காத்து வாங்குறன்."

"பறவாயில்லை, நிண்டது நிண்டாச்சு, ஒருக்கா பாப்பம்."

பின் சீற்றில் ஒரு கையால் சேலைத் தலைப்பையும் மறு கையால் குடையையும் பிடித்தபடி ஆறு வருடம் பொறுத்த சத்தியபாமா, ஐம்பத்தோராவது வயதில் ஸ்கூட்டி பழகப் போனாள். விழுந்தாள், எழும்பினாள், பழகினாள். எழுத்துப் பரீட்சையிலும் தேறினாள். மிச்சமிருந்தது மைதானத்தில் ஓட்டிக்காட்டுகிற டிறயல் ஒன்றுதான். அதற்கு யாழ்ப்பாணம் போக வேண்டும். முதல் திகதிக்கு அவரோடுதான் புறப்பட்டாள். மண்டைதீவுச் சந்தியில் மரக்கறி வாகனம் ஒன்றின் கதவு தொங்கிக்கொண்டு நின்றது. பத்தேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் நாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த திகதிக்கு மூன்று மாதம். அந்த மாதத்தோடு பழகுநர் பத்திரமும் முடிகிறது. இதையும் தவறவிட்டால் எழுத்துப் பரீட்சையிலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும்.

அந்த இரண்டாம் திகதி விடிந்த காலையில்தான், ஆறேகாலுக்கு, சத்தியபாமா குளியலறைக்குள் அகப்பட்டாள்.

உள் தாழ்ப்பாள் போன ஞாயிறு மயில்வாகனம் கதவில் பொருத்திப் பூட்டியது. நாலு திருகாணியில் மூன்றை இறுக்கியவர், நாலாவதில் பாதியிலேயே வேறு வேலை கண்டு எழும்பிவிட்டார். தலை நீட்டிக்கொண்டிருந்த அந்தத் திருகாணியைத் தாண்டித் தாழ்ப்பாள் அவசரத்தில் முன்னால் போனது. பின்னால் வரமாட்டேன் என்றது. சத்தியபாமா இழுத்தாள், சவர்க்காரப் பெட்டியால் தட்டினாள், தாலிக்கொடியில் கிடந்த ஊசியைக் கழற்றித் திருகிப் பார்த்தாள். ஊசி வளைந்தது.

"இஞ்சருங்கோ! கதவு திறக்குதில்லை!"

வெளியே காலடி வந்து நின்றது. பிறகு ஒரு சின்னச் சத்தம்: டக். தோலுறையின் பொத்தான். சத்தியபாமா இருப்பதற்கு ஒரு வாளியைக் கவிழ்த்தாள்.

"பதறாதையும். நான் நிக்கிறன்" என்றது குரல். கலியாண வீட்டு வீடியோவில்கூட அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் பதிவாகியிருக்கவில்லை.

"ஸ்குரூ ஒண்டு தள்ளிக்கொண்டு நிக்குது. அதைக் கழட்டினால் சரி."

"எந்தப் பக்கம்?"

"என்ரை பக்கம்தான். நீங்கள்தானே பூட்டினனீங்கள்!"

"ஓம்... உள்ளுக்குத்தான் வரும்."

"அப்ப கத்தியைக் கீழாலை தள்ளுங்கோ."

கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. கதவு நிலத்தில் உரசுகிறது என்று அதையும் அவர்தான் அந்தக் குட்டி வாளால் மூன்று நாள் குந்தியிருந்து அரிந்தார். யானை போகாது; கத்தி தாராளமாகப் போகும்.

"கத்தியையோ?"

"ஓமப்பா. நேரம் போகுது."

"உமக்கு அதை விரிக்கேலாது. நகம் உடையும்."

"என்ரை நகம்தானே?"

"ஸ்குரூ டிறைவர் ரண்டு கிடக்கு. எதை எடுப்பீர்?"

"சின்னனை."

"பாத்தீரே! சின்னன் மூக்குக்கண்ணாடிக்கு!" தேறாத மாணவியைக் கண்ட வாத்தியாரின் நிம்மதி அவருக்கு. "நீர் பேசாமல் இரும். நான் வெளியாலை பாக்கிறன். ஒரு நிமிஷ வேலை."

கர்... கர்... என்று ஏதோ அரைபடத் தொடங்கியது.

"என்ன செய்யிறியள்?"

"கை போற அளவுக்கு ஒரு ஓட்டை போடுறன்."

சத்தியபாமா கவிழ்த்த வாளியின் மேல் இருந்து கணக்குப் பார்த்தாள். இரண்டு விரல் அரிய மூன்று நாள் என்றால், முழங்கை போகிற ஓட்டைக்கு அடுத்த வெள்ளி ஆகும். டிறயல் இன்றைக்கு எட்டரைக்கு.

சத்தம் கேட்டு வேலிக்கு அப்பாலிருந்து கேதீஸ்வரி வந்தாள்; பக்கத்து வீட்டுக்காரி, ஒரு பார்வையில் நிலைமை விளங்குகிற சாதி.

"ஏன் அண்ணை கதவை அரியிறியள்? எங்கடை வீட்டிலை நல்ல ஸ்குரூ டிறைவர் ஒண்டு கிடக்கு. எடுத்து வரட்டே?"

அரைபடும் சத்தம் நின்றது.

வெளியே அவருடைய முகம் எப்படிப் போயிருக்கும் என்று சத்தியபாமாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது. இடுப்பில் பதினேழு வைத்திருக்கிற மனிதனின் வீட்டுக்குள், அயல்வீட்டிலிருந்து, மஞ்சள் பிளாஸ்ரிக் பிடி போட்ட வெறும் ஸ்குரூ டிறைவர்! ஊர் என்ன சொல்லும்? இந்த அருமையான சந்தர்ப்பத்தைச் சத்தியபாமா விடவில்லை.

"ஓம் கேதீசு! ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாரும்! இவரின்ரை சாமான் இதுக்குச் சரிவராது போலை கிடக்கு!"

"ஆர் சொன்னது சரிவராதெண்டு?" என்று வெளியே குரல் உடைந்தது. "கேதீஸ்வரி, நீர் நில்லும். பாமா, கையை நீட்டும்."

கதவின் அடியால் கத்தி மெல்ல வந்தது. முதலில் மூக்கு, பிறகு முதுகு, கடைசியாக ஒரு வால். கத்தியின் வளையத்தில் மீன் பிடிக்கிற தங்கூசி நூல் ஒன்று முடிந்திருந்தது. அதன் மற்ற முனை, நீங்கள் நினைப்பது சரி, மயில்வாகனத்தின் மணிக்கட்டில்.

"ஏனப்பா இந்தக் கயிறு?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"பாத்ரூமுக்குள்ளை இருந்து நான் எங்கை கொண்டோடப் போறன்?"

நூல் ஒருமுறை விண்ணென்று இழுபட்டது.

ஆறு வருடத்தில் முதன்முறையாக அந்தக் கத்தி அவளுடைய கையில். நினைத்ததைவிடக் கனம். அவருடைய இடுப்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. பெரிய ஸ்குரூ டிறைவரை முதல் தடவையிலேயே விரித்தாள். டிக் என்று அது நேராக நின்றபோது, ஏனென்று தெரியாமல் ஒரு திருப்தி. ஒருமுறை மடித்து, திரும்பவும் விரித்துப் பார்த்தாள். டிக்.

"என்ன சத்தம்? சும்மா விரிச்சு மடக்கிறீரோ? இடப்பக்கம் சுத்தும்! இழுக்காதையும், எனக்குக் கை வெட்டுது!"

"நீங்கள் இழுக்காதையுங்கோ!"

ஆறு சுற்று. திருகாணி கழன்று உள்ளங்கையில் விழுந்தது. தாழ்ப்பாள் ஒன்றும் நடக்காததுபோலப் பின்னால் வந்தது.

"முடிஞ்சுதோ? இழுக்கட்டே?"

சத்தியபாமா கதவைத் திறக்கவில்லை. கத்தரிக்கோல் எந்த மடிப்பில் என்று தேடி, விரித்து, தங்கூசியைக் கத்தரித்தாள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள். வெளியே மயில்வாகனம், தூண்டிலில் கனத்த மீன் கடைசி நேரத்தில் நழுவியவர்போல, வெறும் நூலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். கேதீஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினாள்.

"தாரும்."

"டிறயல் முடியத் தாறன்" என்று கத்தியைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தாள்.

அன்றைக்கு ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் நாற்பத்தெட்டு நிமிஷம். வேலணையில் ஒரு பழைய வான் எஞ்சின் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மயில்வாகனத்தின் கை இடுப்புக்குப் போனது. வெறும் உறையைத் தடவியது. திரும்பிக் கைபிடிக்கு வந்தது. மண்கும்பானில் ஒருவர் செயினோடு மல்லுக்கட்டினார். இவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். உலகம் அன்று காலை கழன்றது கழன்றபடியே கிடந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

மைதானத்தில் சத்தியபாமாவுக்கு இருபத்தேழாம் இலக்கம். முப்பதாம் இலக்கம் நிலாந்தி என்றொரு பெட்டை; பக்கத்தில் நின்று ஹெல்மெட்டின் நாடாவோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, இது இறுகிப்போச்சு. கத்தி கித்தி ஏதும் வைச்சிருக்கிறியளே?"

யோசிக்க முதல் கை பைக்குள் போய்விட்டது.

"தாங்கோ, நெம்பிப்போட்டுத் தாறன்" என்று பெட்டை கையை நீட்டினாள்.

சத்தியபாமாவின் விரல்கள் தாமாக இறுகின. இதற்கு எந்த மடிப்பு என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? முனையை உடைத்துவிட்டால்? நகம் வேறு சாயம் பூசிய நகம்.

"விடும் பிள்ளை, நான் பாக்கிறன். ஒரு நிமிஷ வேலை."

குந்தினாள். ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்தாள். கொக்கி எதற்கு என்று ஆறு வருடமாக யாருக்கும் தெரியாமலிருந்தது அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கியது.

"இருபத்தேழு!"

நாடா கொஞ்சம் அசைந்தது.

"இருபத்தேழு!"

வேப்பமரத்தடியில் நின்ற மயில்வாகனம் கத்தினார். "பாமா! உம்மடை நம்பர்!"

"பொறுங்கோ! இதுக்குள்ளை ஒரு துரும்பு கிடக்கு!"

"அதை விட்டிட்டு ஓடும்! இஞ்சை தாரும், நான் பாக்கிறன்!"

பரிசோதகர் பேனையைத் தூக்கிவிட்டார், இலக்கத்தை வெட்ட. மூன்று மாதம், எழுத்துப் பரீட்சை, பின் சீற், குடை எல்லாம் ஒன்றாகக் கண்ணில் வர, சத்தியபாமா எழும்பி ஓடினாள். ஒரு கையில் கொக்கி விரிந்த கத்தி. பரிசோதகர் இரண்டடி பின்வாங்கினார்.

"அம்மா, முதல் அதை ஆரிட்டையும் குடுத்திட்டு ஏறுங்கோ."

இரண்டு கைகள் நீண்டன. ஒன்று நிலாந்தியுடையது, மற்றது கட்டிய புருஷனுடையது. சத்தியபாமா இரண்டையும் பார்த்தாள். கத்தியை மடித்தாள், டிக். பைக்குள் போட்டாள், பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டாள், பழக்கிய பள்ளியின் ஸ்கூட்டியில் ஏறினாள், எட்டுப் போட்டாள். கால் ஒரு இடத்திலும் நிலத்தில் படவில்லை.

இப்போது அவளிடம் சாரதி அனுமதிப் பத்திரம் இருக்கிறது. ஸ்கூட்டி இருக்கிறது. மயில்வாகனம் இன்னொரு கத்தி கேட்டு வாகீசனுக்கு வாரம் ஒரு குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சத்தியபாமா தனியாகப் போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கேட்கிறீர்களா? போன திங்கள் இரண்டே முக்கால் மணித்தியாலம். பண்ணைப் பாலத்தில் ஒருவர் காற்று வாங்கிக்கொண்டு நின்றாராம்.

சிரியுங்கள். உங்கள் இடுப்பில்தான் ஒன்றும் இல்லையே. ஆனால் போன கிழமை தபாற்கந்தோரில் படிவம் நிரப்ப ஒருவர் உங்களிடம் பேனை கேட்டார், ஞாபகமா? உடனே எடுத்துக் கொடுத்தீர்கள். நல்ல மனம்தான். மூடி மட்டும் யாருடைய கையில் இருந்தது?