கிட்டாரைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர்

பழையதைச் சரிசெய்கிறவர்கள் ஒரு வகை, புதியது வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் நகராமல் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஓர் இனம் உண்டு. யோசிக்கிறவர்கள். அதிலும் உயர்ந்த ரகம், பழைய எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர். பார்த்ததில்லையா? எங்கள் இசைக்குழுவின் ஒத்திகைக்கு வந்திருந்தால் அவருடைய முதுகைக் காட்டியிருப்பேன்.

ஏன் முதுகு? அவருடைய கிட்டாரில் ஒயர் செருகும் இடம் ஆட்டம் கண்டு வெகுநாளாகிறது. ஜன்னல் பக்கம் திரும்பி, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு காலை லேசாகத் தூக்கினால்தான் சத்தம் வரும். மற்ற நேரத்தில் கர்ர் என்று எதுவோ கொதிக்கும். அந்த நிலையை அவர் கண்டுபிடிக்கும்வரை நாங்கள் மூச்சு விட்டதில்லை. கண்டுபிடித்த பின் அவர் விட்டதில்லை.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார். உள்ளே ஒரு ஒயர் விட்டிருக்கிறது, கொடுத்துவிட்டுப் போனால் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். நம்மவர் மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? முகம் வாடிவிட்டது. இவ்வளவு சின்னக் கோளாறு என்றால் அவசரமே இல்லையே. பெரிய கோளாறாக இருந்தால்? அதற்குப் போய்ச் செலவழிப்பது வீண். ஆக எப்படிப் பார்த்தாலும் சரிசெய்ய வேண்டியதில்லை என்று தெளிந்து, புதியது பார்க்கப் போனார். பழையதும் கூடவே வந்தது. ஆனால் பையின் ஜிப்பை மேல்வரை இழுத்து மூடி, அதை என்னிடம் கொடுத்துக் கடைக்கு வெளியே நிற்கவைத்தார். அதன் காதில் விழக்கூடாதாம். உள்ளே ஒவ்வொன்றாக மடியில் வைத்து மீட்டி, இது கனம், அது கனமே இல்லை, இந்தச் சிவப்பு ரொம்பச் சிவப்பு என்று ஒதுக்கி, கடைசியில் குறையே சொல்ல முடியாத ஒன்று கையில் வந்ததும் திணறிப்போனார்.

"இதுல அந்த கர்ர் வரமாட்டேங்குதே."

வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் கிட்டார் சோபாவில் படுத்திருக்கும், விருந்தாளிகள் தரையில் உட்காருவார்கள். ஒன்று சரிபண்ணுங்கள், இல்லை புதிது வாங்குங்கள், இல்லை அதற்கு ஒரு போர்வையாவது போர்த்துங்கள் என்றார் மனைவி. மறுநாள் போர்வை போர்த்தியிருந்தது.

இந்த நிலையில்தான் எங்களுக்கு முதல் மேடை கிடைத்தது. ஒரு கம்பெனி ஆண்டு விழா. இத்தனை காலம் மாடி அறையில் சுவருக்கு வாசித்தவர்களை மனிதர்கள் கேட்கப்போகிறார்கள். சிக்கல் ஒன்றுதான்: மண்டபத்தின் ஒரே ஜன்னல் மேடைக்குப் பின்னால் இருந்தது. அவர் கலங்கவில்லை. கூட்டத்தை ஜன்னலுக்கு வெளியே உட்காரவைக்கச் சொல்லலாமே என்றார்.

எங்களுக்கு டிரம்ஸ் வாசிப்பவர் அவருடைய மனைவியின் தம்பி. அடுத்த ஒத்திகையில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"மாமா, சரி பண்ணலாமா மாத்தலாமான்னு நாங்களும் உக்காந்து பேசினோம்."

மாமாவின் முகம் மலர்ந்தது. கடைசியில் தன் இனத்தில் நாலு பேர்! "அவசரப்படாதீங்கப்பா. நல்லா யோசிக்கணும்."

"யோசிச்சோம் மாமா. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மாத்திட்டோம்."

"என்ன கிட்டார்?"

"கிட்டார் இல்ல மாமா. ஆளு."

பழக்கதோஷத்தில் அவருடைய கால் ஒன்று தானாக மேலே போனது. பிறகு, புதிதாக வருகிறவருடைய கிட்டார் புதியதா என்று மெல்லக் கேட்டார். பழையதுதான், சரிபண்ணி வைத்திருக்கிறார் என்றோம்.

"எங்க குடுத்தாராம்?"

விழாவுக்கு நம்மவர் வந்திருந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தும் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்டார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் எல்லாருடைய முதுகும் தெரிந்திருக்கும்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் கிட்டார் இல்லை. தட்டினால்தான் ஓடும் மின்விசிறி ஒன்று மட்டும் இருக்கிறது, அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதானே? இன்று வீட்டுக்குப் போனதும் கதவைத் திறக்குமுன் கொஞ்சம் நில்லுங்கள். சரி பண்ணலாமா, மாத்தலாமா என்று உள்ளே தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது கேட்டால், அது மின்விசிறியைப் பற்றித்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.