திருநீறு பூசிய விலாங்கு

பொய் சொல்லத் தெரியாதவன் ஆறுகளைப் பற்றி மட்டும் பொய் சொல்லக்கூடாது. ஆறு என்றால் ஓர் இடத்தில் தொடங்கவேண்டும், ஓர் இடத்தில் முடியவேண்டும். நடுவில் என்ன மீன் என்றும் கேட்பார்கள்.

தொண்ணூறுகளில், இத்தாலியின் தெற்கே பலெர்மோவுக்கு வந்த புதிதில், கால்சாப் பகுதியில் தனியாக இருந்த ஒரு சிஞ்ஞோரே (எங்கள் ஊர் ஐயா மாதிரி) வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். நாட்டின் வடக்கே, போ என்ற ஆறு கடலில் விழும் இடத்தில் பிறந்தவர். ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் எனக்குப் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இல்லை. நாட்டில் இருக்கவே முடியாது.

முதல் நாளே கேட்டார்: "உன் ஊரில் என்ன ஆறு?"

யாழ்ப்பாணத்தில் ஏது ஆறு? எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாரியில் ஒரு வெள்ளவாய்க்கால் ஓடும், தை பிறக்கக் காய்ந்துவிடும். அதைக் கொஞ்சம் அகலமாக்கினேன். "பெரிய ஆறு, சிஞ்ஞோரே. அப்பா அதில் மீன் பிடித்தவர்." (அப்பா தபாற்கந்தோர் கிளாக்கர். சந்தையில் நல்ல மீன் பார்த்து வாங்கவே தெரியாத மனிசன்!)

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தினமும் தன் ஆற்றைப் பற்றிக் கதைப்பார். இலையுதிர் காலத்தில் விலாங்குகள் கடலுக்குக் கிளம்புமாம். நாணலால் அம்புமுனை வடிவில் வேலி கட்டி மறிப்பார்களாம். நான் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்பேன். சும்மா கேட்டிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு என் வாய்க்காலுக்கு இரண்டு கிளையாறுகளையும் சேர்த்துவிட்டேன்.

மாதக் கடைசியில் அவருடைய தம்பி ஊரிலிருந்து நாலு விலாங்குகளை உயிரோடு கொண்டுவந்தார். "உங்கள் ஆற்று முறைப்படி சமை," என்று சொல்லிவிட்டு இருவரும் உலாவப் போனார்கள்.

பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், நாலும் நாலு பக்கம் ஓடின. பிடித்தால் வழுக்குகிறது. வியா மக்வேதா தெருவில் ஒரு வீட்டில் வேலைசெய்த மனைவிக்கு டெலிபோன் அடித்தேன்.

"சாம்பலைத் தொட்டுப் பிடியுங்கோவன். விசரோ உங்களுக்கு?"

"இஞ்சை காஸ் அடுப்பு. சாம்பலுக்கு நான் எங்கை போறது?"

"எனக்கென்ன தெரியும்? மீன்காரற்றை மகனல்லோ நீங்கள்!" என் பொய் முழுக்க அவளுக்குத் தெரியும். டெலிபோனை வைத்துவிட்டாள்.

சட்டைப்பையில் அம்மா அனுப்பிய திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. (முருகா, மன்னிச்சுக்கொள்!) இரண்டு கையிலும் அப்பிக்கொண்டு பாய்ந்தேன். சிஞ்ஞோரே திரும்பி வந்தபோது நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். கையில் தலை முதல் வால் வரை திருநீறு பூசிய விலாங்கு.

அவர் குனிந்து பார்த்தார். "உங்கள் ஆற்றில் மீனை இப்படித்தான் ஆசீர்வதிப்பார்களா?" கேலியில்லை, உண்மையான ஆவல்.

ஓம் என்றிருக்கலாம். வெட்கத்தில் அழுகைதான் வந்தது. "ஆறே இல்லை, சிஞ்ஞோரே. அப்பா தபாற்கந்தோரில் வேலை."

"தெரியும். முதல் நாளே தேசப்படத்தில் தேடிப் பார்த்தேன். உன் ஆறு எவ்வளவு தூரம்தான் ஓடுகிறது பார்ப்போம் என்றிருந்தேன்."

அன்று விலாங்கை அவரே சமைத்தார். சாப்பிட்டு முடிந்ததும் கடிதத்தில் கையெழுத்தும் வைத்தார்.

இந்தக் கதையை வீட்டுக்கு வரும் எல்லாருக்கும் மனைவி சொல்லிவிடுவாள். பலெர்மோவில் பிறந்த மகள் அதற்கும் மேல். ஊரில் நான் செய்த வீரச்செயல் எதையாவது எடுத்துவிட்டால் போதும், கையைக் காட்டி மறிப்பாள்:

"பப்பா, நில்லுங்கோ. இது தேசப்படத்திலை இருக்கோ?"