துவைக்காத கைலி

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடிப்படி கூட்டத்தில் நெரியும். எல்லாரும் ஆண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு கைலி. கீழே டோபிக்கடை இருந்தது வசதியாகப் போயிற்று. "துணி போட வந்தேன் அண்ணே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். டோபிக்கடைக்கோ ஞாயிறு விடுமுறை!

மேலே வீற்றிருந்தவர் நித்தியப் பிரம்மச்சாரி பரிமளானந்த சாமி. உடுத்திய கைலியைத் துவைக்காமல் கொடுத்தால், முகர்ந்தே படுக்கையறைக் குறையைச் சொல்லிவிடுவார். டாக்டர்கள் பாவம், வருஷக்கணக்கில் படிக்கிறார்கள். சாமிக்கு ஒரு மூக்கு போதும். நிபந்தனை ஒன்றுதான்: குறை தீரும்வரை மனைவியிடம் அதைப்பற்றி மூச்சு விடக்கூடாது.

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் சுகுமாறன் மூச்சு விடவில்லை. அவ்வளவு பெரிய லோரியை இடுக்கில் ரிவர்ஸ் எடுக்கிற மனிதர். மனைவி அருகில் வந்தால் மட்டும் பயத்தில் வியர்த்துவிடும்.

"பங்சார்ல கவுன்சிலர் ஒருத்தங்க இருக்காங்க. ரெண்டு பேரும் போய்ப் பேசலாமே" என்றாள் லோகேஸ்வரி.

"பேசினா எல்லாம் சரியாயிடுமா?" என்று சிரித்தார். பேச்சை நம்பாதவர் மூக்கை நம்பினார்.

மாதங்கள் போயின. அவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவுகட்டி, ஈப்போவிலிருந்த அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டினாள் லோகேஸ்வரி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பண்டமாரான் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்க, பிரிக்பீல்ட்ஸ் டோபிக்கு வாராவாரம் ஒரு கைலி போகிறது. போனது துவைக்காமலே திரும்புகிறது!

அந்த ஞாயிறு அவருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்தாள். மேலே சாமி முன் சுகுமாறனின் முறை வந்தது. பையைப் பிரிக்கும்போது பின்கதவு வழியாக லோகேஸ்வரி நுழைந்தாள். அவர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சாமி, முதல்ல இதைப் பாருங்க" என்று ஒரு நீலக் கட்டம் போட்ட கைலியை நீட்டினாள்.

சாமி முகர்ந்தார். கண்ணைச் செருகினார். "அடடா! பிறவியிலேயே வீணாப் போனவன்மா. பொம்பளை நிழல் பட்டாலே சுருண்டுடுவான். பெரிய பூசை போடணும்."

"ஐயோ பாவம்! இது உங்க கைலிதான் சாமி. பின் படிக்கட்டுல ஒரு அக்கா அழுக்குத்துணி வாளியைத் தூக்க முடியாம நின்னாங்க. ஒரு கை கொடுத்தேன். உள்ளே கைலியை மோந்து குறை சொல்ற சாமிதான் அவங்க வீட்டுக்காரராம். கேட்டதும் சிரிச்சுக்கிட்டே கொடுத்தாங்க."

"பொய்! நான் பிரம்மச்சாரி!"

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு கரண்டியோடு வந்தாள் பவுனம்மாள். "யாரு, இவரா சுருண்டுடுவாரு? அஞ்சு பிள்ளை பெத்தவ சொல்றேன் லா, ஒரு குறையும் இல்ல. கொஞ்சம் குறைஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்!"

சிரிப்பில் மாடிப்படி அதிர்ந்தது. சாமி பின்படிக்கட்டில் இறங்கி ஓடினார். முன்படியில் இறங்கிய ஆண்களில் ஒருவர், "எனக்கு அந்தச் சுருண்டுடுவேனோங்கிற பயம்தான் அண்ணே" என்றார். இன்னொருவர், "எனக்கும்தான் தம்பி" என்றார். அந்தப் படியில் முதல்முதலாக உண்மை பேசப்பட்டது.

மறுவாரம் பங்சாரில் கவுன்சிலர் மலர்விழி இருவருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

சுகுமாறன் தரையைப் பார்த்தார். "உன்னைப் பிடிக்காம இல்ல லோகா. தோத்துடுவேனோன்னு பயம்."

"இவ்வளவுதானா? இதை எங்கிட்ட சொல்லாம ஊரான் மூக்கைத் தேடிப் போனீங்களா?" அவருடைய வியர்த்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை; இது மந்திரமில்லையே. ஆனால் கட்டிய பெட்டி அன்றே பிரிந்தது.

மனம்விட்டுப் பேச ஆண்டவன் வாயைக் கொடுத்தான். யோசிக்க மூளையையும் கொடுத்தான். இரண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எவனோ ஒருவன் மூக்கடியில் கொண்டுபோய் வைக்கவா கொடுத்தான்?