கரும்பாலைக்குத் தூக்கிய கைகள்

1932-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒன்பதாம் தேதி. காலைப் பனி விலகி, பாலாற்று மணல் கண்ணைக் கூசச் செய்யும்படி வெயில் அடித்தது. விரிஞ்சிபுரத்துக்கு அடுத்த வேப்பங்குப்பத்தில், விவசாய ஐக்கிய சங்கத்தின் காரியதரிசி சுப்பராயன், ஒரு மெம்பர்கூட வராத சாவடியில் பாய்களை விரித்துவிட்டுத் தனியாக நின்றிருந்தார்.

சர்க்கார் அவ்வட்டாரத்துக்கு ஒரே ஓர் இரும்புக் கரும்பாலை தருவதாக இருந்தது. கேட்ட சங்கங்களோ இரண்டு: வேப்பங்குப்பம், கருங்காலிமேடு. எந்தச் சங்கத்துக் கூட்டத்தில் அதிகம் பேர் கை தூக்குகிறார்களோ, ஆலை அதற்கே. சுப்பராயனின் கரும்பு முற்றிப் பூவெடுத்துக் காத்திருந்தது.

"எல்லாம் நம்ம கையில இருக்குது" என்று தமக்குத் தாமே தைரியம் கூறிக்கொண்டு, அவர் தமுக்கு அடிக்கச் செய்தார்.

"ஆபீசர் வர்றாரு! அல்லாரும் சாவடிக்கு வாங்கோ!"

ஆபீசர் என்றாலே வரி வசூல் என்றறிந்த ஊர் அது. மிச்சமிருந்த நாலைந்து பேரும் கரும்புக் கொல்லைக்குள் மறைந்தனர்.

சுப்பராயன் சங்கத்தின் உதவித் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினார். உதவித் தலைவரின் மனைவி பூவம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"உங்க ஊட்டுக்காரர் எங்கம்மா?"

"விருந்துக்குப் போய்ட்டாருங்க. பக்கத்து ஊட்டுக்காரரும்தான்."

"இன்னா விருந்து, நாள் பார்த்து?"

"கறிச்சோறுன்னாரு. அதுக்கு மேல இன்னா கேக்கறது?"

சுப்பராயன் சளைக்கவில்லை. நேரே தோல் பதனிடும் ஷாப்புக்கு நடந்தார்.

"ஆளுங்களத் தர்றேன் தோஸ்த்" என்றார் மேஸ்திரி அமீர் பாஷா. "ஆனா அவங்க கரும்ப துன்னுதான் பார்த்திருக்காங்க."

"கை இருக்குதில்ல பாய்? போதும்."

ஜட்காவில் வந்திறங்கிய விவசாய ஆபீசர் ராஜகோபால், நிரம்பிய சாவடியைக் கண்டு மகிழ்ந்தார். முன்வரிசையில் இருந்த ஷாப்புத் தொழிலாளி இருதயராஜைப் பார்த்து, "கரும்புக்கு முதலில் என்ன செய்வீர்?" என்று வினவினார்.

"சுண்ணாம்புத் தொட்டில ஊறப் போடுவோம் சாமி. அப்பால முடிய சொரண்டுவோம்."

ஆபீசரின் பேனா நின்றது.

"சோகை உரிக்கறத எங்க ஊர்ல அப்படித்தாங்க சொல்றது" என்றார் சுப்பராயன், இமை கொட்டாமல்.

"பிறகு?"

"ஆவாரம்பட்டைத் தண்ணில முக்குவோம்."

"பூச்சி அண்டாதுங்க!" என்று காரியதரிசி முந்திக்கொண்டார்.

ஆலை வேண்டுவோர் கை தூக்கலாம் என்றதும், பட்டைச் சாற்றில் பழுப்பேறிய கைகள் உயர்ந்தன.

"கைகள் ஏன் இந்த நிறம்?"

"உழைப்புங்க!" என்றார் சுப்பராயன்.

ஆபீசர் தலையசைத்தார். "அருமையான சங்கம். ஆனால் காலையில் கருங்காலிமேட்டில் இதைப்போல் இரட்டிப்புக் கைகளைக் கண்டேன். ஆலை அவர்களுக்கே."

அவர் ஜட்காவில் ஏறி அமர்ந்தார். சுப்பராயன் குதிரையருகே நின்ற வண்டிக்காரன் ஆரோக்கியசாமியைப் பிடித்துக்கொண்டார்.

"கருங்காலிமேட்டுல அவ்ளோ விவசாயி ஏதுய்யா?"

"அத்தினி பேரும் உங்க மெம்பருங்கதாங்க" என்றான் அவன், வாரை இறுக்கியபடி. "கறிச்சோறு ஜாஸ்தியா கெடச்ச சந்தோசத்துல, உங்க உதவித் தலைவர் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு."

அப்போது மாலை மணி நாலே முக்கால்.