தேனீப் பிசினும் உன் அக்காவின் வாயும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நான் நலம், தேனீக்கள் என்னைவிட நலம். உன் அக்கா நலமில்லை. ஆகவே நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவளுக்கு வாய்ப்புண் வந்து மூன்று மாதம். வாய்க்குள் வெள்ளையாகப் படியும் அந்த ஈஸ்ட் பூஞ்சை இரண்டு மருந்துக்கும் மசியவில்லை, மூன்றாவதை வெளியூரிலிருந்து வரவழைக்கணும் என்கிறார் டாக்டர். ஒரு வாய் பால் விழுங்குவதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது, எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த நேரத்தில்தான் நீ, அந்த ஈஸ்டை அடக்குமா என்று சோதிக்க, உன் ஆய்வுக்கூடத்துக்குத் தேனீப் பிசின் கேட்டாய். தேன்பெட்டி இடுக்கில் தேனீ பூசிவைக்கும் அதை முப்பது வருஷமாக அழுக்கு என்று சுரண்டிக் கொட்டியவன் நான். மச்சானுக்கு அழுக்காகவா அனுப்புவது என்று வெந்நீரில் போட்டு, சோப்பு வைத்து அலசி அனுப்பினேன். "அத்தான், சோப்பு நல்லாத்தான் வேலை செய்யுது, பிசின எப்ப அனுப்புவீங்க?" என்றாய். சரி, என் தப்புதான். மறுபடி ஐந்து பெட்டியிலும் சுரண்டி அனுப்பினேன். நாலு பிசினைச் சுற்றி ஈஸ்ட் வளரவில்லை, ஐந்தாவது மட்டும் சும்மா கிடக்கிறது என்றாய். இரண்டு நாள் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். மற்ற பெட்டித் தேனீக்கள் பிசினுக்கு மரத்துக்குப் போகின்றன. இந்தச் சோம்பேறிகள் பக்கத்து வீட்டுக் கதவில் காயாத பச்சைப் பெயின்டை வழித்துக் காலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன!

அது கிடக்கட்டும். மிச்சம் நாலும் வேலை செய்கிறதே, அக்காவுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டால், "கண்ணாடித் தட்டு வேற, அக்கா வாய் வேற. அவசரப்படாதீங்க அத்தான்" என்கிறாய். உனக்கென்னப்பா, தட்டுக்கு வலிக்காது. பெட்டிக்குள் புகுந்து செத்த எலியை வெளியே தூக்கி எறிய முடியாவிட்டால்கூடத் தேனீ பிசின் பூசி மூடிவிடுகிறது, கூடு நாறுவதில்லை. இத்தனூண்டு பூச்சிக்குத் தன் வீட்டைக் காப்பாற்றத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. ஆகவே "கொடுக்கலாம்" என்று ஒரே ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் நானே தடவிவிடுவேன்.

பூஞ்சையைத் தவிர அங்கே எல்லோரையும் கேட்டதாகச் சொல். நீ நோய்நொடியில்லாமல் இரு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டுமுன், எதற்கும் என் நாக்கில் வைத்துப் பார்ப்போமே என்று பிசினில் துளி வைத்தேன். கால் மணி நேரத்தில் உதடு இரண்டும் வீங்கிவிட்டன. டாக்டரிடம் ஓடினோம், அலர்ஜியாம். "சிலருக்கு இது ஒத்துக்காது. அந்தம்மாவுக்கும் ஒத்துக்காமப் போயிருந்தா, இருக்கிற புண்ணோட மூச்சும்ல அடைச்சிருக்கும்?" என்று திட்டினார். இப்போது உன் அக்காதான் எனக்கு ஸ்பூனில் தண்ணீர் ஊட்டுகிறாள். மூன்றாவது மருந்துக்குக் காத்திருக்கிறோம். நீ நிதானமாகவே சோதித்துப் பார், மச்சான்.